கைக்கு எட்டாத சோளத்தட்டை

கொடைக்கானல் பெருமாள்மலையிலிருந்து அடுக்கத்துக்கு இறங்குகிற பாதையில் கொஞ்சதூரம் போனால் இடதுகைப்பக்கம் ஒரு மண்பாதை பிரியும். அதில் சறுக்காமல் இறங்கத் தெரிந்தவர்களுக்கு மூணுகல்பாறை வரும். சறுக்குகிறவர்களுக்கு இன்னும் வெரசா வரும்.

அந்த ஊரில் எந்த மூலையில் நின்றாலும் போன் அடிக்கும். மாட்டுக்கொட்டகையில் அடிக்கும், குளிக்கிற மறைப்புக்குள் அடிக்கும், சாமி கும்பிடும்போது கட்டாயம் அடிக்கும். அடிக்காத இடம் ஒன்றே ஒன்று. ஊருக்குக் கீழே ஓடையை ஒட்டிக் கிடக்கிற ஓடைக்காடு. வேலுத்தாய் வீட்டு வெள்ளாமைக்காகச் சரிவில் அஞ்சு படியாக வெட்டின சின்னக் காடு. அங்கே போய் நின்றால் வேலுத்தாயை யாரும் கூப்பிட முடியாது. சாம்பார்ப்பொடி எங்கே என்று புருசன் கேட்க முடியாது, மகளிர் குழுக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டார் கேட்க முடியாது. கேள்வி கேட்கிற உரிமை மொத்தமும் அங்கே அவளுக்கு மட்டும்தான்.

அந்த உரிமையை அவள் சின்ன வயசிலிருந்தே விட்டுக்கொடுத்ததில்லை. எட்டாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தினார்கள். நிறுத்தினது வீட்டார்தான் என்றாலும் வாத்தியார்கள் யாரும் அழுததாகத் தகவல் இல்லை. "பூமி சுத்துதுன்னா சார், காலையில பறந்துபோன கொக்கு சாயந்திரம் அதே மரத்துக்கு எப்பிடி வருது? மரம் நகர்ந்து போயிருக்கணுமே?" என்று கேட்டால் எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்கும்.

தங்கமுத்து பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான். சபையில் ஒரு பெரிய மனுசர் பேச்சுக்கு, "பொண்ணு ஏதாச்சும் கேக்குறதுன்னா கேக்கலாம்" என்று சொல்லிவைத்தார். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பிச் சொல்கிற வார்த்தை அது. வேலுத்தாய் தலையைத் தூக்கி, "உங்க ஊருல எல்லாரும் பூண்டு போடுறீங்களே, பூண்டுக்கு மட்டும் ஏன் வெதை இல்ல?" என்று கேட்டாள்.

தங்கமுத்து வாயிலிருந்த கேசரியை அவசரமில்லாமல் முழுங்கினார். "பல்லை ஊனுனா முளைக்குது. அம்புட்டுத்தேன்" என்றார்.

தங்கமுத்து அப்படித்தான். இருபத்திரண்டு வருசமாகக் கூடவே இருக்கிறாள், ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து 'ஏன்' என்று வந்து அவள் கேட்டதில்லை. மழை வந்தால் வந்தது, பஸ் வராவிட்டால் வரவில்லை. கோவமும் கிடையாது. அவருக்கு உலகம் முளைக்கிற பல். அவளுக்கு அது பல்லுக்குள் மாட்டிக்கொண்ட பாக்குத் துண்டு. நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

ஓடைக்காட்டில் ரெண்டு தடவை தொடர்ந்து பூண்டு அழுகியது. ஓடையின் ஈரமோ, மண்ணில் ஏறின நோவோ, பிடுங்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணமாக நாறியது. மற்ற காடுகளில் நன்றாகத்தான் வந்தது. ஆகவே தங்கமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். முடிவு அவருடையது இல்லை, சுப்புராஜுடையது.

சுப்புராஜ் பெருமாள்மலையில் ஜீப் வைத்திருக்கிறவன். வேலுத்தாய்க்குத் தூரத்துச் சொந்தம், முறைக்குத் தம்பி. சுற்றுலா வருகிறவர்களைக் கூடாரத்தில் படுக்கவைத்தால் நல்ல வரும்படி என்று கண்டுபிடித்திருந்தான். ஒருநாள் ஓடைக்காட்டில் வந்து நின்று, போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், சிக்னலே இல்ல!" என்று கத்தினான். அவ்வளவு சந்தோசமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லி அதுவரை ஊரில் கேட்டதில்லை. "இதுக்குத்தான் மச்சான் பெங்களூருக்காரன் காசு குடுக்குறான். ஜேசிபிய விட்டு இந்தப் படியெல்லாம் சமமாக்கிட்டா எட்டுக் கூடாரம் அடிக்கலாம். ஆயுதபூசை லீவுக்கு ஜனம் ஏறும்."

தங்கமுத்து தலையாட்டினார்.

வேலுத்தாய் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு வெள்ளாமை குடுங்க அதுல."

"அழுகுதே புள்ள."

"பூண்டு அழுகுது. பூண்டைத் தவிர ஒலகத்துல ஒண்ணுமே இல்லையா? ஒரே ஒரு வெள்ளாமை. நான் எடுத்துட்டேன்னா காடு காடாக் கெடக்கட்டும். எடுக்கலைன்னா உங்க மச்சினன் ஜேசிபி என்ன, ஏரோப்பிளேனே கொண்டாந்து எறக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பது தங்கமுத்துக்குப் பெரிய சலுகையாகப் பட்டிருக்க வேண்டும். "சரி" என்றார்.

என்ன போடுவது என்று அவளுக்கே தெரியாது. ரேசன்கார்டு சோலியாகக் கொடைக்கானல் போனபோது ஏரிக்கரையில் பதில் கிடைத்தது. பொன்னுத்தாய் என்கிற ஒரு அம்மா தள்ளுவண்டியில் கரி அடுப்பு வைத்து மக்காச்சோளக் கதிர் சுட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழ மூடியில் மிளகாய்ப்பொடியும் உப்பும் தொட்டுத் தேய்த்துக் கொடுக்க, ஸ்வெட்டர் போட்ட ஜனம் 'ஸ் ஸ்' என்று தின்றுகொண்டிருந்தது.

"இந்தக் கதிரெல்லாம் எங்க வெளையுதுக்கா?"

"எல்லாம் ஒட்டன்சத்திரத்துல இருந்து வருது."

வேலுத்தாய்க்கு அது தாங்கவில்லை. மூணுகல்பாறையிலிருந்து பூண்டு, கேரட், பீன்ஸ் எல்லாம் கீழே ஒட்டன்சத்திரம் சந்தைக்குத்தான் இறங்கும். மேலே ஏறுவது மளிகையும் சுற்றுலாக்காரனும்தான். ஒரு வெள்ளாமை கீழே விளைந்து மலை ஏறி வந்து குளிரில் நிற்கிறவன் வாய்க்குள் போகிறதா? "ஏன், மலையில வெளையாதா?"

"யாரு போட்டா வெளையுறதுக்கு?" என்றார் பொன்னுத்தாய், விசிறிக்கொண்டே. "எங்கிட்டக் கேட்டா? பச்சையா, பிஞ்சு முத்துற பதத்துல, அன்னைக்கு ஒடிச்ச கதிரா இருந்தா நான் வேண்டாம்னா சொல்லுவேன்? லாரியில ரெண்டு நாள் கெடந்து வாடித்தான் வருது."

காய்கறி லாரி ஓட்டுகிற சிவமுருகன்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து விதை வாங்கிவந்தான். ரோஸ் கலரில் இருந்தது. மருந்து தடவின விதை, வாயில் போட்டுவிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தான். சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் வேலுத்தாய் மேல்படியில் ஆரம்பித்தாள். பூண்டு ஊன்றுகிற கை அது. நாலு விரல் அகலம் விட்டு விட்டுக் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. மூட்டை ஏற்ற வந்த சிவமுருகன் மேலே பாதையிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

"அக்கா, அக்கா! என்ன பண்றீங்க?"

"ஏன் தம்பி, ஊனுறேன்."

"இது பூண்டாக்கா? ஆளைவிட ஒசரமா வளரும். இப்பிடி நட்டா நம்ம வத்தலக்குண்டு பஸ்ஸுல ஆள் தொங்குற மாதிரி தொங்கிக்கிட்டு நிக்கும், எதுவும் உக்காராது. வரிசைக்கு வரிசை ஒரு முழத்துக்கு மேல விடுங்க. வரிசைக்குள்ள ஒரு சாண்."

ஊன்றினதைத் தோண்டி எடுத்து மறுபடி ஊன்றினாள். இதில் கொஞ்சம் விதை வீணானது. மேல் மூணு படிக்குத்தான் வந்தது. கீழ் ரெண்டு படிக்கு வேண்டியதை அடுத்த வாரச் சந்தை லாரியில் சிவமுருகன் கொண்டுவந்தான். ஆக, மேல்படிச் சோளம் அக்கா, கீழ்படிச் சோளம் ஒரு வாரம் இளைய தங்கச்சி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முளைத்தது. முழங்கால் உயரம் வந்ததும் களையெடுத்து, ஆட்டுப்புழுக்கை தூவி, தூரில் மண் அணைத்தாள். கூடமாட வேலைக்குப் பக்கத்து வீட்டு பாப்பம்மாள் வந்தார். இன்றைக்கு உன் காடு, நாளைக்கு என் காடு என்று ஆளுக்காள் மாற்றிச் செய்கிற வேலை. பாப்பம்மாள் வேலுத்தாய்க்கு மதினி முறை, வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம்.

ஒரு நாள் காலையில் இலையெல்லாம் ஓட்டை. குருத்துக்குள் மரத்தூள் கொட்டினதுபோல் எச்சம். பிரித்துப் பார்த்தால் ஒரு புழு, வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருந்தது. மற்றவளாக இருந்தால் மிதித்துவிட்டுப் போவாள். வேலுத்தாய் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, இங்க வாங்களேன். இது நெத்தியில நாமம் போட்டிருக்கு. ஆனா தலைகீழாப் போட்டிருக்கு!"

"நாமம் போட்ட புழு, பட்டை போட்ட புழுன்னு சாதிவாரியாப் பிரிச்சுக்கிட்டு இரு. அது உன் காட்டுக்கே நாமம் போட்டுரும். நசுக்குடி!"

நசுக்கினாள். அதற்கப்புறம் வெள்ளனே எழுந்து குருத்துக் குருத்தாகப் பிரித்துப் புழு பொறுக்குவது, சாம்பலும் ஓடை மணலும் கலந்து ஒரு சிட்டிகை குருத்துக்குள் போடுவது என்று ஒரு மாசம் ஓடியது. மணல் உறுத்தினால் புழு உள்ளே தங்காது. ராத்திரியில் இறங்குகிற காட்டுப்பன்றிக்கு வேறு ஏற்பாடு. பாதையோரம் சுற்றுலாக்காரர்கள் வீசிவிட்டுப் போகிற பீர் பாட்டில்களைப் பொறுக்கி, ரெண்டு ரெண்டாகக் கம்பியில் கட்டிக் காட்டைச் சுற்றித் தொங்கவிட்டாள். காற்றடித்தால் கிணுங்கும். பன்றி கிட்டே வரவில்லை. பாட்டிலைப் பார்த்துக் குடிகார வீடு என்று நினைத்திருக்கலாம்.

ஆடி பிறந்தபோது மேல்படிச் சோளம் அவளைவிட உயரமாக நின்றது. அப்போதுதான் ஒவ்வொரு தட்டையின் உச்சியிலும் பூ எட்டிப்பார்த்தது. கிளை கிளையாக, துடைப்பத்தைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி.

இந்த இடத்தில் பூண்டுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பூவென்றால் ஆகாது. சில வருசம் குளிர் மிஞ்சினால் பூண்டு நடுவில் ஒரு தண்டு நீட்டும், நுனியில் ஒரு மொட்டு வரும். அதை விட்டுவைத்தால் கீழே பூண்டு பருக்காது. சத்தெல்லாம் மொட்டுக்குப் போய்விடும். ஆகவே கண்டதும் கிள்ளு. மூணுகல்பாறையில் பிள்ளைகள் பேசப் பழகுவதற்கு முன்னால் கிள்ளப் பழகிவிடும்.

பாப்பம்மாள் பார்த்ததும் சொன்னார்: "பூ தள்ளிருச்சு. கிள்ளணும்டி."

"கிள்ளணும்" என்றாள் வேலுத்தாய். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள் இதற்கு மட்டும் கேட்கவில்லை. சோறு வாய்க்குள்தான் போகவேண்டும் என்பதை யாராவது கேள்வி கேட்பார்களா? தங்கமுத்துகூட வந்து பார்த்து, "ஆமா, கிள்ளிருங்க" என்றார்.

மூணு படியையும் மூணே நாளில் மொட்டையடித்தார்கள். பூவெல்லாம் பாப்பம்மாளின் ஆடுகளுக்குப் போனது. ஒரே ஒரு தட்டை தப்பியது. மூணாவது படியின் ஓரத்தில், பாறையைத் தாண்டி ஓடைப்பக்கம் சாய்ந்து நின்ற தட்டை. வேலுத்தாய் ஒரு கையால் கொய்யாக் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் பூ கைக்கு வந்திருக்கும், அவள் ஓடைக்குப் போயிருப்பாள். "போ, ஒரு தட்டைதானே" என்று விட்டுவிட்டாள்.

நாலைந்து நாள் கழித்துக் கதிர்கள் முடி விட்டன. தட்டையின் இடுப்பில் பச்சைத் தோல் போர்த்தின கதிர், நுனியில் இளமஞ்சள் பட்டுநூல் கற்றை. வேலுத்தாய் தினமும் போய்ப் பார்த்தாள். முடி வளர்ந்தது. மறுநாள் இன்னும் வளர்ந்தது. ஒரு சாண் ஆகி, கதிரிலிருந்து தொங்கி, காற்றில் ஆடியது. 'எதுக்கு இம்புட்டு முடி வளக்குது?' என்று அவளுக்குள் குறுகுறுத்தது. சுற்றிச் சுற்றி வந்தாள். அப்படி வந்ததில்தான் மூணாவது படியின் ஓரம் கண்ணில் பட்டது.

அங்கே ஒரு விசிறி விரித்த மாதிரி, பத்துப் பதினஞ்சு தட்டைகளில் மட்டும் முடி நீளவில்லை. சுருங்கி, பழுப்பாகி, காய்ந்துபோயிருந்தது.

பூண்டுக்கு வந்த நோவு இதற்கும் வந்துவிட்டதா? அப்படி வந்திருந்தால் இத்தனை நாள் பாடு அவ்வளவுதான். ஜேசிபி வரும், படி போகும், எட்டுக் கூடாரம் நிற்கும். காய்ந்த முடிக் கதிர் ஒன்றின் தோலை மெதுவாக உரித்தாள்.

உள்ளே வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி மணிகள். கடுகளவு இருந்தாலும் நீர் கோத்து மினுமினுத்தன. முடியைத் தொட்டதும் தானாக உதிர்ந்தது.

நோவு பிடித்த கதிருக்குள் மணியா? பக்கத்தில் போய், நீளமுடிக் கதிர் ஒன்றை உரித்தாள். அது மொட்டைக் கட்டை. வெறும் புள்ளிகள். முடியை இழுத்தாள், வரவில்லை. ஒரே ஒரு இழையை நுனியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே உள்ளே போனாள். அந்த இழை ஒரு புள்ளியில் போய் முடிந்தது. இன்னொரு இழை இன்னொரு புள்ளியில். எத்தனை புள்ளியோ அத்தனை முடி.

வேலுத்தாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடியை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதையோ வாங்குவதற்கு. கிடைத்த புள்ளி, வேலை முடிந்ததென்று முடியை உதிர்த்துவிட்டு மணியாகிறது. கிடைக்காத புள்ளி, கொஞ்சம் நீட்டினால் கிடைக்குமோ, இன்னும் கொஞ்சம் நீட்டினால் கிடைக்குமோ என்று நீட்டிக்கொண்டே போகிறது.

எதை வாங்குகிறது? இந்தப் பதினஞ்சுக்கு மட்டும் யார் கொடுத்தது?

நிமிர்ந்து பார்த்தாள். ஓடைக்காற்று வீசியது. பாறைக்கு அப்பால், கைக்கு எட்டாமல் போன அந்த ஒற்றைத் தட்டை உச்சிப்பூவோடு ஆடியது. வெயிலில் அதிலிருந்து மஞ்சளாக ஒரு புகை கிளம்பி, நேராக அந்த விசிறி வடிவத் தட்டைகளின் மேல் வந்து இறங்கியது. அவள் கையிலும் கொஞ்சம் விழுந்தது. தேய்த்துப் பார்த்தாள். மாவு.

"அடி பாவி மகளே" என்றாள், தன்னைத்தான்.

அடுத்த மூச்சில் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. கீழ்படிச் சோளம், ஒரு வாரத் தங்கச்சி, அப்போதுதான் முழுசாகப் பூத்திருந்தது. காலையில் அவளேதான் சொல்லியிருந்தாள்: "மதினி, கீழ் ரெண்டு படியையும் இன்னைக்குக் கிள்ளி விட்டுருங்க." பாப்பம்மாளின் கை வேகம் ஊருக்கே தெரியும்.

போன் போடலாம். ஆனால் அந்தக் காட்டில் எதுக்குப் போன்? இத்தனை வருசமாகக் கொண்டாடின சிக்னல் இல்லாத காடு அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பிலிருந்து வரப்புக்குக் குதித்து ஓடினாள். "மதினீ! கிள்ளாதீக! மதினீ!"

நாலாவது படி மொட்டையாகிவிட்டது. அஞ்சாவது படியின் முதல் தட்டையில் கைவைத்த பாப்பம்மாள் திரும்பிப் பார்த்தார். "என்னடி, பாம்பா?"

"பூவு... பூவைக் கிள்ளக் கூடாது மதினி!"

"நீதானே கிள்ளச் சொன்ன? காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு. ஏன் கூடாது?"

"அது ஆம்பளை. கீழ இருக்குறது பொம்பளை."

பாப்பம்மாள் கிள்ளின பூவையும் வேலுத்தாயையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாம நாலு படிக்கு..." என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே வரப்பில் சாய்ந்து சிரித்தார். "அத்தனையும் தாலியறுத்துட்டமேடி!"

கூடையில் நாலாம் படிப் பூக்கள் குவிந்து கிடந்தன. ஆட்டுக்கென்று வைத்தது. வேலுத்தாய் ஒன்றை எடுத்து உதறினாள். கூடைக்கு மேல் மஞ்சள் மாவு பறந்தது. கிள்ளிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, இன்னும் சாகவில்லை.

"தூக்குங்க மதினி கூடைய. மேல போவோம்."

அதற்கப்புறம் அந்தக் காட்டில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்ததென்றுதான் சொல்லியிருப்பார்கள். ரெண்டு பொம்பிளைகளும் கைக்கு ஒரு கொத்து பூவை எடுத்துக்கொண்டு, அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலை தடவுகிற பக்குவத்தில், ஒவ்வொரு கதிரின் முடியிலும் தட்டித் தட்டி வந்தார்கள். தலை, புருவம், மூக்கு எல்லாம் மஞ்சள். பாப்பம்மாள் ஒவ்வொரு கதிருக்கும் "நல்லா இரு, பிள்ளை குட்டியோட இரு" என்று வாழ்த்திக்கொண்டே வந்தார்.

வெளியாள் பார்க்கவும் செய்தான். சுப்புராஜ் இடத்தை அளக்க டேப்போடு வந்திருந்தான், தங்கமுத்து பின்னால் நின்றார்.

"என்னக்கா, சோளத்துக்குப் பவுடர் பூசுறீங்க? கல்யாணமா?"

"ஆமாடா" என்றார் பாப்பம்மாள். "மொய்ய வச்சுட்டுப் போ."

"மச்சான், பாத்தீங்களா? பேசாம இப்பவே ஜேசிபிக்குச் சொல்லிரட்டுமா?"

தங்கமுத்து மஞ்சள் படிந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கதிருக்குப் போய்க்கொண்டிருந்தாள். "கதிர் ஒடிக்கிற வரைக்கும்னு சொல்லியிருக்கு" என்றார். சுப்புராஜ் அதை வீடியோ எடுத்தான், ஆனால் சிக்னல் இல்லாததால் அங்கிருந்து யாருக்கும் அனுப்ப முடியவில்லை.

அடுத்த நாலு நாளும் காலையில் பனி காய்ந்ததும் அஞ்சாம் படியிலிருந்து பூவை வளைத்து முறத்தில் தட்டி, மாவைப் பழைய மஞ்சள்தூள் டப்பாவில் அடைத்து, மேலே கொண்டுபோய்த் தூவினாள். நாலாம் படி முடி விட்டபோது அதற்கும் தூவினாள். அஞ்சாம் படிக்கு யாரும் எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை, அது தன் குடும்பத்தைத் தானே பார்த்துக்கொண்டது.

பிறகு காத்திருப்பு. அதுதான் அவளுக்குக் கொடுமை. உரித்துப் பார்த்தால் கதிர் கெட்டுப்போகும், பார்க்காவிட்டால் தூக்கம் கெட்டுப்போகும். முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அஞ்சாம் படியில், பிறகு ஒவ்வொன்றாக மேலே, முடி பழுப்பானது. ஊரில் தலைமுடி கொட்டுகிறதென்று அழுதவர்கள் உண்டு. முடி காய்ந்ததற்குச் சந்தோசப்பட்ட முதல் ஆள் வேலுத்தாய்தான்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் கதிர் ஒடிக்க இறங்கினார்கள். சுப்புராஜும் அன்றைக்குச் சாயந்திரம் பதில் கேட்டுப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தான். வேலுத்தாய் மேல்படியில் ஒரு கதிரைப் பிடித்துக் கீழ்நோக்கி முறுக்கினாள். டக். தோலை உரிக்குமுன் கண்ணை மூடிக்கொண்டாள். நகத்தால் தடவினாள். வழுவழுவென்று மணி, மணி, மணி. நுனியில் மட்டும் ரெண்டு விரல் அகலம் பொக்கை. கண்ணைத் திறந்து நகத்தால் ஒரு மணியைக் கீறினாள். பால் தெறித்தது.

"மதினி! பல்லு மொளச்சிருக்கு!"

எல்லாம் அப்படி இல்லை. மாவு சரியாக விழாத சில கதிர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல் விழுந்த கிழவன் சிரிப்பாக இருந்தன. அதையெல்லாம் பாப்பம்மாள் தனியாகப் பொறுக்கி, "இவுக நான் வாழ்த்த மறந்தவுக" என்றார். ஆனால் நாலாவது படி நன்றாகவே பிடித்திருந்தது, அஞ்சாவது படியோ அடியிலிருந்து நுனிவரை இடைவெளியில்லாத தங்கக்கட்டி. சாக்குகள் நிறைந்தன. ஏரிக்கரைப் பொன்னுத்தாய்க்கு மறுநாள் காலைப் பஸ்ஸில் போகவேண்டிய சரக்கு. மூணுகல்பாறைக்கு நினைவு தெரிந்து மேலே ஏறப்போகிற முதல் வெள்ளாமை.

தங்கமுத்து சாக்குத் தூக்க வந்திருந்தார். வேலுத்தாய் மூணு கல் கூட்டி, காய்ந்த தோகையைப் பற்றவைத்து, ரெண்டு கதிர் சுட்டாள். ஒன்று அஞ்சாம் படியுடையது, ஒன்று மேல்படியின் பொக்கை நுனிக்கதிர். ரெண்டையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரில் பாதி தின்றார், பிறகு மற்றதில் கொஞ்சம். நடுவில் தின்பதை நிறுத்திவிட்டு, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

வேலுத்தாய் சாக்கின் வாயைத் தைப்பதுபோல் நடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சாயந்திரம் ஆகிக்கொண்டிருந்தது. சுப்புராஜ் மேலே போன் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏ புள்ள" என்றார் தங்கமுத்து.

"என்னங்க?"

"சோளத்துக்குப் பூ இல்லாட்டி மணி வரமாட்டேங்குது." வாயிலிருந்த மணியை மென்றார். நெற்றி சுருங்கியது, தூக்கிப் பழக்கமில்லாத மூட்டையைத் தூக்குகிற மாதிரி. "அப்ப பூண்டுக்கு மட்டும் ஏன் பூ வேண்டியதில்ல?"

பாப்பம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டார். வேலுத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் என்னவோ வந்தது, புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"தெரியலையே" என்றாள். "இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால நான் உங்கள இதைத்தான் கேட்டேன்."

"ஆமால்ல" என்றார். பொக்கை நுனியைக் கட்டைவிரலால் தடவினார். "அடுத்த தடவ ஒரு பாத்தியில பூண்டு போட்டு, பூவைக் கிள்ளாம விட்டுப் பாப்பமா? என்னதான் ஆகுதுன்னு?"

"எந்தக் காட்டுல?"

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டின தோகையைத் தட்டிவிட்டு, தின்று மீந்த பாதிக் கதிரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற பாதையில் ஏறினார். சிக்னல் கிடைக்கிற திருப்பம்வரை ஏறவேண்டும். அவள் கீழிருந்து பார்த்தாள். திருப்பத்தில் நின்று போனைக் காதில் வைத்தார். என்ன பேசினார் என்று இங்கே கேட்காது. இந்தக் காட்டில் எதுவும் கேட்காது. ஆனால் மறுகையில் இருந்த கதிர் நன்றாகத் தெரிந்தது. அது இப்படியும் அப்படியும், இப்படியும் அப்படியும், இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது.